அவன் தூங்கும் ஒன்றரை மணி நேரம் உங்களுடையது

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 28 வயது. திருப்பூரில் மாடி வீட்டில் இருக்கிறோம். பையனுக்கு 16 மாதம். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஏழாம் மாதத்தோடு நின்றுவிட்டேன். கணவர் பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். காலை 8.30க்குப் போனால் வர இரவு 8.30 ஆகும். ஷிப்மென்ட் நாட்களில் 10 மணி. கீழ் வீட்டில் மாமனார், மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது.

பையன் நடக்க ஆரம்பித்த பிறகு வீடு வீடாகவே இல்லை. மதியம் அவன் தூங்குகிற ஒன்றரை மணி நேரத்தில்தான் பாத்திரம், துணி, கூட்டுவது எல்லாம். சமைக்கும்போது போனில் பாட்டு போட்டுக் கொடுத்துவிடுகிறேன். ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது. அன்றைக்கு வேறு எதுவும் ஓடாது. "நானும் நாலு பெத்தேன், ஊடு கண்ணாடியாட்டம் இருக்கும்" என்கிறார் அத்தை. இவர் வந்ததும் ஹாலைப் பார்த்துவிட்டு "பகல் பூரா என்ன பண்ணின?" என்று கேட்கிறார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்கிறார். போன வாரம் துடைத்து முடித்த தரையில் பருப்பு சாதக் கிண்ணத்தைக் கவிழ்த்தான். முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். விரல் பதிந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வேலையெல்லாம் முடிகிற மாதிரி ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடுங்கள்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டைம்டேபிள் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் அந்த விரல் பதிந்த முதுகைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அது மனதில் கிடக்கும்போது நான் வேறு என்ன சொன்னாலும் உங்களுக்குள் இறங்காது.

அடித்தது தவறு. அது உங்களுக்கே தெரிந்ததால்தான் எழுதியிருக்கிறீர்கள். 16 மாதக் குழந்தைக்கு "துடைத்த தரை" என்றால் என்னவென்று தெரியாது. கிண்ணத்தைக் கவிழ்த்தால் சாதம் எப்படி விழுகிறது என்று பார்த்தான், அவ்வளவுதான். எதற்காக அடி விழுந்தது என்பது அவனுக்குப் புரிந்திருக்காது. பயந்திருப்பான். பயந்ததும் உங்களிடமேதான் ஓடி வந்திருப்பான், வேறு யாரிடம் போவான்? அப்போது தூக்கி வைத்துக்கொண்டு "அம்மா அடிச்சது தப்பு கண்ணு" என்று சொன்னால், வார்த்தை புரியாவிட்டாலும் குரல் புரியும். ஒரு நாள் விழுந்த ஓர் அடியால் பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் இருப்பது அறுந்து போகாது. ஆனால் அது இரண்டாவது, மூன்றாவது என்று போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனிமேல் கை துறுதுறுக்கிற அளவுக்குக் கோபம் வந்தால், அவனைத் தொட்டிலிலோ, ஆபத்தான பொருள் எதுவும் இல்லாத அறையிலோ விட்டுக் கதவைச் சாத்துங்கள். வெளியே நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். இரண்டு நிமிடம் அழட்டும். அழுவதால் ஒன்றும் ஆகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எவ்வளவு கோபம் வந்தாலும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது. இந்த வயதில் தலை கனம், கழுத்தில் பலம் போதாது. உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். வெளியே ஒரு காயமும் தெரியாது. நீங்கள் உலுக்கியதாக எழுதவில்லை. இருந்தாலும் இதைப் படிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

சரி, டைம்டேபிளுக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு டைம்டேபிள் இருக்கிறது. காலையிலிருந்து பையன் பின்னால் ஓட்டம், அவன் தூங்கியதும் பாத்திரம், துணி, துடைப்பம், அவன் எழுந்ததும் மறுபடி ஓட்டம். நாள் முழுவதிலும் நீங்கள் உட்காருகிற நேரம் எங்கே என்று தேடிப் பார்த்தேன், இல்லை. இருபது வருடமாகக் குழந்தைகள் ஓ.பி. பார்க்கிறேன். வருகிற தாய்மார்களில் பெரும்பாலானோர் இப்படித்தான் ஓடுகிறார்கள். பிள்ளை தூங்கினால்தான் வேலை என்பது நம் வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத ஒரு வழக்கம். நான் சொல்லப் போவது அதற்கு நேர் எதிர். அவன் விழித்திருக்கும்போது, அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அவன் தூங்கும்போது வேலையைத் தொடாதீர்கள்.

"அவன் இருந்தால் எப்படி வேலை ஓடும்?" என்று கேட்பீர்கள். இந்த வயதுக் குழந்தை எதை விளையாட்டாக நினைக்கிறது என்று பாருங்கள். என் மேஜையில் தொண்டை பார்க்கிற மரக்குச்சிகள் வைத்திருக்கும் டப்பா ஒன்று உண்டு. போன மாதம் காய்ச்சல் விட்டுப் போன ஒரு பெண் குழந்தை, ஒன்றே கால் வயது இருக்கும், அவள் அம்மாவிடம் நான் பேசி முடிக்கும் வரை அந்தக் குச்சிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தது, ஒவ்வொன்றாக உள்ளே போட்டது, மறுபடி எடுத்தது. பக்கத்தில் பேட்டரி போட்டால் பாடுகிற பொம்மை ஒன்று இருந்தது. அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. எடுப்பது, போடுவது, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கிப் போவது, பெரியவர்கள் செய்வதைப் பார்த்து அப்படியே செய்வது: 16 மாதத்தில் அவர்களுடைய மூளை பழகுவது இதைத்தான். வீட்டு வேலை என்பதும் பெரும்பாலும் எடுப்பதும் போடுவதும்தானே?

2006இல் ஜெர்மனியில் பெலிக்ஸ் வார்னேக்கன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 18 மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பெரியவர் ஒருவர் கொடியில் துணி காயப் போடுகிறார். க்ளிப் கை தவறிக் கீழே விழுகிறது. எட்டி எடுக்கப் பார்க்கிறார், எட்டவில்லை. யாரும் குழந்தையிடம் எடுத்துக் கொடு என்று சொல்லவில்லை, கொடுத்தால் மிட்டாய் என்றும் சொல்லவில்லை. குழந்தைகள் தாமாகவே போய் எடுத்துக் கொடுத்தார்கள். இது போலப் பல சூழ்நிலைகளை வைத்துப் பார்த்ததில், 24 குழந்தைகளில் 22 பேர் ஏதாவது ஒன்றிலாவது உதவினார்கள். உங்கள் பையன் இன்னும் இரண்டே மாதத்தில் அந்த வயதுக்கு வந்துவிடுவான்.

துணியிலிருந்தே ஆரம்பியுங்கள். மொட்டை மாடி வேண்டாம். கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிற இடம் அது. அவன் உடன் இருக்கும்போது பால்கனியிலோ வீட்டுக்குள்ளோ ஒரு ஸ்டாண்டில் காயப் போடுங்கள். க்ளிப் டப்பாவை அவன் பக்கத்தில் வையுங்கள். வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிய க்ளிப்பாக இருக்கட்டும். "ஒண்ணு குடு" என்று கையை நீட்டுங்கள். முதல் நாள் கொடுக்க மாட்டான், டப்பாவைக் கவிழ்ப்பான். இரண்டாம் நாள் ஒன்று கொடுத்துவிட்டு ஓடுவான். ஒரு வாரத்தில் உங்கள் கை நீளும் முன்னால் க்ளிப் வரும். பத்து நிமிட வேலைக்கு இருபது நிமிடம் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இருபது நிமிடத்தில் அவனை விளையாட வைத்தாயிற்று, பேச்சுக் கொடுத்தாயிற்று, துணியும் காய்கிறது. தனித்தனியாகச் செய்திருந்தால் இதற்கே ஒரு மணி நேரம் போயிருக்கும்.

காய்ந்த துணி மடிக்கும்போது அப்பா சட்டை எது, பாப்பா சட்டை எது என்று பிரிக்கச் சொல்லலாம். தவறாகப் பிரிப்பான், பிரிக்கட்டும். கூட்டும்போது அவனுக்கும் ஒரு சின்ன விளக்குமாறு வாங்கிக் கொடுங்கள். பாத்திரம் கழுவி முடித்ததும் எவர்சில்வர் டம்ளர்களைத் தட்டிலிருந்து கூடைக்கு மாற்றட்டும். சத்தம் காதைத் துளைக்கும், அதைத் தவிர வேறு நஷ்டம் இல்லை.

சமையல் மட்டும் வேறு கதை. அடுப்பு எரியும்போது அவன் காலடியில் இருக்கக் கூடாது. நான் பார்த்த தீக்காயங்களில் நிறைய, தரையில் இறக்கி வைத்த சாம்பாரிலும் கஞ்சியிலும் வந்தவை. சூடான எதையும் தரையில் வைக்காதீர்கள். குக்கர், கடாய்க் கைப்பிடிகள் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாளிக்காதீர்கள். சமையலறை வாசலில் ஒரு தடுப்பு போட்டுவிட்டு, அந்தப் பக்கம் அவனுக்கு உருளைக்கிழங்கும் பெரிய வெங்காயமும் ஒரு கூடையும் கொடுங்கள். சின்ன வெங்காயம், நிலக்கடலை, பட்டாணி எதுவும் கையில் கிடைக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். நீங்கள் அடுப்புப் பக்கம் நின்றபடி அவனிடம் பேசிக்கொண்டே இருங்கள். "அம்மா தக்காளி அரியறேன், இதோ கடுகு வெடிக்குது" என்று நடப்பதைச் சொன்னாலே போதும். இரண்டு வயது வரை வீடியோ காலைத் தவிர வேறு எந்தத் திரையும் வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை நல மருத்துவர்கள் சங்கம். போனில் ஓடுகிற பாட்டு அவன் எழுப்பும் ஒலிக்குப் பதில் சொல்லாது. உங்கள் குரல் சொல்லும், அவனுக்குப் பேச்சு வருவது அப்படித்தான். அதற்காக நேற்று வரை போன் கொடுத்ததை நினைத்து வருந்த வேண்டாம். கையாள் இல்லாத வீட்டில் சோறு பொங்க வேறு வழி தெரியவில்லை, கொடுத்தீர்கள். நாளையிலிருந்து மெல்லக் குறையுங்கள்.

சில வேலைகளை அடியோடு விட்டுவிடலாம். கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குத் தெரிந்த அளவில் உங்கள் அடுப்பில் ஒரு நாளைக்குக் குழந்தைக்கென்று மூன்று தடவையாவது தனிச் சமையல் நடக்கும். ஒரு வயதுக்குப் பிறகு அது தேவையில்லை. வீட்டில் எல்லோருக்கும் வெந்த பருப்பு, காய், சோறு, இட்லி, முட்டை எதுவானாலும், மிளகாய் போடும் முன் அவனுக்கு ஒரு கரண்டி தனியாக எடுத்து மசித்து நெய் விட்டால் போதும். மூன்று நான்கு வேளை சாப்பாடு, நடுவில் ஒரு வாழைப்பழமோ சுண்டலை மசித்தோ கொடுங்கள். பால் பாட்டிலையும் எடுத்துவிடுங்கள். டம்ளரில் குடிக்கப் பழகட்டும். பாட்டில், நிப்பிள், பிரஷ், கொதிக்க வைப்பது என்று தினமும் அரை மணி நேரம் மிச்சமாகும், பல்லும் கெடாது. மாட்டுப்பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் சோறு இறங்காது, ரத்தசோகை வரும். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் இரண்டு வயது வரைக்கும் அதற்கு மேலும் தாராளமாகக் கொடுக்கலாம். பிள்ளை துணிக்கு இஸ்திரி வேண்டாம். தினமும் பினாயில் போட்டுத் துடைக்கவும் வேண்டாம். பச்சைத் தண்ணீரில் துடைத்தாலே போதும். பொம்மைகளில் ஆறேழை மட்டும் வெளியே வைத்துவிட்டு மீதியை மேலே ஏற்றுங்கள். பதினைந்து நாள் கழித்து மாற்றிப் போட்டால் புதிது போல எடுப்பான், பொறுக்குகிற வேலையும் பாதியாகும்.

விடக் கூடாத வேலைகளும் சில உண்டு. வீடு பளபளப்பதற்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. பக்கெட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. இந்த வயதில் தலை கனம் என்று சொன்னேன் அல்லவா, எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் கையூன்றி எழத் தெரியாது. அரை பக்கெட் தண்ணீர்கூட வேண்டாம், ஒரு சாண் தண்ணீரே போதும், சத்தமும் வராது. பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். தண்ணீர் சுட வைக்கிற ஹீட்டர் கம்பியை பக்கெட்டில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் நகராதீர்கள். பினாயில், ஆசிட் எதையும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்க வேண்டாம். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி காணாமல் போனால், விழுங்கினானா என்று யோசித்துக் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். அத்தையின் மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று குழந்தை வயிற்றுக்குள் போனாலும் ஆபத்து.

காலையில் கால் மணி நேரம், உங்கள் முட்டி உயரத்துக்குக் குனிந்து, அவன் கண்ணுக்கு என்னவெல்லாம் தெரிகிறது, கைக்கு எதெல்லாம் எட்டுகிறது என்று வீட்டைச் சுற்றி வாருங்கள். அன்றைக்கு உங்களால் இது ஒன்றுதான் முடிந்தது என்றால், அன்றைய வீட்டு வேலை முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். ஹாலில் பொம்மை சிதறிக் கிடந்தால் கிடக்கட்டும்.

தண்ணீர் நாளைத் தனியாகப் பார்ப்போம். அன்றைக்குச் சமையல் கிடையாது என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தயிர் சாதம், ஊறுகாய் போதும், இல்லாவிட்டால் மெஸ்ஸிலிருந்து இட்லி வாங்கிக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் முழுக்கப் பையன் கீழ் வீட்டில் மாமனார் கையில் இருக்கட்டும். நிறைகிற டிரம்மும் நடக்கிற பிள்ளையும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. டிரம்முக்கு இறுக்கமான மூடி வேண்டும். மூடி இல்லாவிட்டால் வேட்டித் துணியைக் கட்டி நாடாவால் இறுக்குங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது சாக்கடையில் இல்லை, இப்படிச் சேர்த்து வைக்கிற நல்ல தண்ணீரில்தான். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். உங்களுக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது. புதுத் தண்ணீர் பிடிக்கும் முன் ஒவ்வொரு முறையும் டிரம்மைக் காலி செய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவினால் ஒரு கொசுவும் பறக்காது. ஆனால் டிரம் தேய்க்கிற வேலை உங்களுடையது இல்லை. அது யாருடையது என்று இதோ சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை உங்கள் கணவரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தம்பி, நீங்கள் சாதாரணமாகக் கேட்ட ஒரு கேள்வி உங்கள் மனைவிக்கு எப்படித் தைத்திருக்கிறது என்று மேலே இருக்கிறது, பாருங்கள். 2019இல் மத்திய அரசு நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழித்தார்கள். வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது 289, 88. பிள்ளையையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அதற்குத் தனிக் கணக்கு. அதாவது பிள்ளை இல்லாமலேயே கிட்டத்தட்ட ஐந்து மணி நேர வேலை. அதன் மேல் ஒரு நிமிடம்கூடக் கண்ணை எடுக்க முடியாத 16 மாதப் பையன். மெர்ச்சன்டைசர் வேலையில் ஒரு ஆர்டரின் டெலிவரி தேதி தள்ளினால் எத்தனை போன் வரும், எத்தனை மெயில் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே செய்த வேலை கணக்கில் ஏறுகிறது. இங்கே காலை 11 மணிக்குத் துடைத்தது 11.10க்கு இல்லாமல் போகிறது. நீங்கள் இரவு 8.30க்குப் பார்க்கிற ஹால் அன்றைக்கு நாலாவது தடவை கலைந்த ஹால்.

பன்னிரண்டு மணி நேரம் வெளியே உழைத்துவிட்டு வருகிறீர்கள், களைப்பு இருக்கும், மறுக்கவில்லை. அதனால் "கூடமாட உதவி செய்யுங்கள்" என்று நான் சொல்லப் போவதில்லை. உதவி என்றால் யாராவது சொல்ல வேண்டும், ஞாபகப்படுத்த வேண்டும், அது அவளுக்கு இன்னொரு வேலை. இரண்டு மூன்று வேலைகளை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். காலை 7 முதல் 8 வரை பையன் உங்கள் பொறுப்பு: எழுப்புவது, குளிப்பாட்டுவது, உடுத்துவது, இட்லி ஊட்டுவது வரை. இரவுப் பாத்திரம் உங்களுடையது. தண்ணீர் வரும் நாளில் டிரம் தேய்த்துப் பிடிப்பதும் உங்களுடையது. வேலை நேரத்தில் தண்ணீர் வந்தால் அப்பாவிடம் முன்னாலேயே சொல்லி ஏற்பாடு செய்வதும் உங்கள் வேலைதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை பையனும் நீங்களும் மட்டும். அவள் அவள் அம்மா வீட்டுக்குப் போகட்டும், இல்லை கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.

சகோதரி, இதில் உங்களுக்கும் ஒரு வார்த்தை. அவர் குளிப்பாட்டினால் காதுக்குப் பின்னால் சோப்பு நிற்கும், சட்டைப் பொத்தான் மாறிப் போகும். திருத்தாதீர்கள். இரண்டு தடவை திருத்தினால் மூன்றாம் தடவை "நீயே பண்ணிக்கோ" என்று வந்து நிற்கும்.

அத்தை சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? அவர் பொய் சொல்லவில்லை என்றே நான் நினைக்கிறேன். வீடு கண்ணாடியாக இருந்திருக்கலாம். அந்த வீட்டில் அன்றைக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் விஷயம். சண்டைக்காக இல்லாமல், ஒரு சாயங்காலம் கால் நீவிவிடும்போது, "உங்க காலத்துல இவர தூக்கி வெச்சுட்டு இருந்தது யாருங்க அத்தை?" என்று கேளுங்கள். மாமியார், நாத்தனார், கொழுந்தனார் பிள்ளைகள், பக்கத்து வீட்டு அக்கா என்று ஒரு பட்டியல் வரும். அவர் சொல்லச் சொல்ல அவருக்கே ஏதாவது தோன்றலாம். தோன்றாவிட்டாலும் பழைய கதை கேட்டதாக இருக்கும். அதோடு அவரால் முடிகிற ஒன்றைக் கேளுங்கள். முழங்கால் வலியோடு ஓட முடியாது, ஆனால் உட்கார்ந்த இடத்தில் கதை சொல்ல முடியும், கை தட்டிப் பாட முடியும். தினமும் காலை பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை கேட்டைச் சாத்திவிட்டு, மாமா ஓடிப் பிடிக்க, அத்தை உட்கார்ந்து விளையாட, அவன் கீழே இருக்கட்டும். சமையலை அந்த நேரத்தில் முடித்துவிடுங்கள். அடுப்படித் தடுப்பு, உருளைக்கிழங்கு எல்லாம் அவர்கள் ஊருக்குப் போகிற நாட்களுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் உடம்பைப் பற்றி. "அன்றிலிருந்து தூக்கம் இல்லை" என்ற வரியை நான் லேசாக விட மாட்டேன். பையன் தூங்கின பிறகும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லையா? காலையில் எழும்போதே அசதியா? முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லையா? காரணமில்லாமல் அழுகை வருகிறதா? இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதற்கு சோம்பேறித்தனம் என்று பெயரில்லை, பொறுமை இல்லாத தாய் என்றும் பெயரில்லை. மனச்சோர்வு பிரசவமான மறுவாரமே வந்தாக வேண்டும் என்று இல்லை. ஒரு வருடம் கழித்தும் வரும், மருந்தாலும் பேச்சாலும் குணமாகும். அதோடு மூன்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்: ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், வைட்டமின் பி12. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. அது குறையக் குறையப் படியேறினாலே மூச்சு வாங்கும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரலாம். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தடம் புரள்வதும் நாங்கள் அடிக்கடி பார்க்கிறதுதான். எத்தனையோ பேர் "எனக்கு வேலை செய்யத் துப்பில்லை டாக்டர்" என்று வந்து, ஹீமோகுளோபின் எட்டோடு திரும்பிப் போயிருக்கிறார்கள், கையில் இரும்புச்சத்து மாத்திரையோடு.

செத்துப் போகலாம் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ ஒரு நொடி தோன்றினாலும் தனியாக இருக்காதீர்கள். உடனே கீழ் வீட்டுக்கு இறங்கிப் போங்கள், கணவரைக் கூப்பிடுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

வேலையைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கணக்குப் பிரிவில் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் ஓர் ஏக்கம் இருப்பது போலப் பட்டது. தமிழ்நாட்டில் 54,000க்கு மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. இரண்டு வயதில் சேர்க்கலாம். இன்னும் எட்டு மாதம். வேலைக்குத் திரும்புவதென்றால், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோதே சொல்லிவிட்டார்கள். நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள்.

டைம்டேபிள் கடைசியில் இவ்வளவுதான் வருகிறது. ஏழு முதல் எட்டு அப்பா. எட்டரை முதல் பத்தரை அவனும் நீங்களுமாக வீட்டைச் சுற்றி வருவது, கூட்டுவது, துணி. பத்தரைக்கு அவன் கீழே, நீங்கள் அடுப்படியில். பன்னிரண்டு மணிக்கு அவனுக்குச் சாப்பாடு. அந்தப் பருப்பு சாதத்தைப் பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து அதன் மேல் உட்கார வைத்துக் கொடுங்கள். கவிழ்த்தால் பெட்ஷீட்டை உதறினால் போதும். சாப்பிட்டதும் ஈரத்துணி ஒன்று கொடுத்து அவனையே துடைக்கச் சொல்லுங்கள், தேய்த்து நாலு பக்கமும் பரப்புவான், பிறகு நீங்கள் ஒரு இழு இழுத்தால் முடிந்தது. ஒரு மணிக்கு அவன் தூங்குவான்.

அப்போது பாத்திரம் ஸிங்கிலேயே கிடக்கட்டும். தட்டில் சூடாகச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவன் மிச்சம் வைத்ததைச் சாப்பிட வேண்டாம், உங்களுக்கென்று போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு அவன் பக்கத்திலேயே படுங்கள். முதல் நாலைந்து நாள் படுத்தாலும் தூக்கம் வராது, காது அடுப்படியிலேயே இருக்கும். படுத்தே இருங்கள். ஒரு வாரத்துக்குள் பரிசோதனை முடிவு வந்துவிடும், அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.